மதுரைக்குப் போகாத வெள்ளிக்கிழமை

எங்க அக்கா பேச்சை நிறுத்தினது, பிள்ளையை அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னைக்கு. அக்கான்னா என் கூடப் பிறந்தவ இல்ல. என் வீட்டுக்காரரோட அண்ணன் பெண்டாட்டி, எனக்கு ஓரகத்தி. சாத்தூர்ப் பக்கம் ஒரு கரிசக்காட்டுக் கிராமத்துல, ஒரே வீட்டுல ஒரே அடுப்புல பொங்கித் தின்னவங்க நாங்க. அவகிட்ட நான் நீ, வா, போன்னுதான் பேசுவேன். ஊர்ப் பொம்பளைகளுக்கு அது ஆகாது. "மூத்தவளுக்கு ஒரு மட்டு மரியாதை வேண்டாமா"ன்னு முணுமுணுப்பாக. அக்கா சிரிச்சுக்கிடுவா. அவ சிரிச்சா தெரு முக்கு வரைக்கும் கேட்கும். அப்பேர்ப்பட்ட வாய்தான் மூடிப் போச்சு.

அவளுக்கு ஒரே மக. இன்னும் சமையாத பிள்ளை. மழை பொய்ச்சு காடு வெளையாம கிடந்த வருசங்கள் அது. நாலு ஏக்கரும் ரெண்டு மாடும் வச்சிருந்தவன் வீட்டுப் பிள்ளைகளும் ஆபீசுக்குப் போச்சு. எங்க பக்கம் தீப்பெட்டி செய்யிற இடமும் ஆபீஸ்தான், வேட்டு செய்யிற இடமும் ஆபீஸ்தான். இருட்டோட ஏஜெண்டு வந்து தெருத் தெருவா சத்தம் குடுப்பான், பிள்ளைக தூக்குவாளியை எடுத்துக்கிட்டு அவன் பின்னால நடக்கும். புரட்டாசி மாசம், தீபாவளி ஆர்டர் நெருக்குற நேரம், ஒரு நாள் மத்தியானம் ஷெட்டு ஒண்ணு போயிருச்சு. போயிருச்சுன்னுதான் எங்க பக்கம் சொல்றது. வெடிச்சிருச்சுன்னு யாரும் வாயால சொல்ல மாட்டாக.

நான் அன்னைக்கு விருதுநகர்ல என் பிறந்த வீட்டுல இருந்தேன். அத்தானும், அதாவது அக்கா வீட்டுக்காரரும், வத்தல் மூடையோட விருதுநகர் கமிஷன் கடைக்கு வந்திருந்தாக. சேதி கேட்டு ரெண்டு பேரும் ஓடி வர்றதுக்குள்ள துணியைப் போட்டு மூடி வச்சிருந்தாக. திறந்து காட்டல. அன்னைக்குக் காலையில பிள்ளை வயித்த வலிக்குதுன்னு அழுதுக்கிட்டே போச்சுன்னு எதுத்த வீட்டுக்காரி சொன்னா. அம்புட்டுதான். அழுத பிள்ளையை அந்த ஏஜெண்டுதான் இழுத்துக்கிட்டுப் போயிருக்கான்னு அத்தான் அருவாளைத் தூக்கிட்டாக. அவன் அதுக்குள்ள ஊரை விட்டே ஓடிட்டான். அதுக்கப்புறம் அத்தானுக்குச் சோறு இறங்கல. தட்டுல கையை வச்சுக்கிட்டு, "வலிக்குதுன்ன பிள்ளையை அனுப்ப எவனுக்கு மனசு வந்துச்சு, எவனுக்கு மனசு வந்துச்சு"ன்னு கேட்டுக்கிட்டே இருப்பாக. கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிருவாக.

அக்கா அழல. மாரடிக்கல. பொம்பளைக அவளைக் கட்டிப் பிடிச்சு ஒப்பாரி வச்சப்ப நடுவுல மரக்கட்டையா உக்காந்திருந்தா. அதுக்கப்புறம் ஒரு சொல்லு வரல. மாட்டுக்குத் தண்ணி காட்டுவா, களி கிண்டுவா, பருத்தி எடுப்பா, எல்லா வேலையும் நடக்கும். "உப்புப் போட்டியாக்கா"ன்னு கேட்டா உப்புச் சட்டியைக் கொண்டாந்து முன்னால வைப்பா. ஒரு நாளாவது ஏசிட மாட்டாளான்னு வேணும்னே குழம்பைத் தீய விட்டுப் பாத்தேன். சட்டியைத் தேய்ச்சுக் கவுத்திட்டுப் போயிட்டா.

ஊர்ல கோடாங்கிக்காரனைக் கூட்டிட்டு வந்தாக. அவன் உடுக்கையை அடிச்சு, பிள்ளையோட ஆவிதான் தாய் தொண்டையைப் பிடிச்சுக்கிட்டு நிக்குதுன்னான். எனக்கு வந்துச்சே கோபம்! "ஏலே, செத்த பிள்ளையைக் கூடச் சும்மா விட மாட்டியா"ன்னு உடுக்கையைப் பிடுங்கித் தெருவுல எறிஞ்சேன். என் வீட்டுக்காரர் என்னை உள்ள தள்ளிக் கதவைச் சாத்தினாக. அந்தக் கதவுக்குப் பின்னால நின்னுதான் முடிவு பண்ணினேன், இவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போறதுன்னு.

நான் விருதுநகர்ல எட்டாப்பு படிச்சவ. போர்டு வாசிப்பேன், வெள்ளை கோட்டைப் பாத்தா கால் நடுங்காது. தொண்டையைக் காட்டப் போறோம்னு சொல்லி விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்கன இருந்த டாக்டர் நாக்கை அமுக்கி விளக்கு அடிச்சுப் பாத்துட்டு, "தொண்டை நல்லாத்தான் இருக்கும்மா. வீட்டுல எதுவும் துக்கமா?"ன்னாரு. சொன்னேன். "மதுரை பெரியாஸ்பத்திரியில மனசுக்குப் பாக்குற டாக்டர் வெள்ளிக்கிழமை தோறும் உக்காருவாரு. சீட்டு எழுதித் தர்றேன், போய்ப் பாருங்க"ன்னாரு.

வீட்டுல பூகம்பம். "பைத்தியக்கார டாக்டர்கிட்டயா? எம்பொண்டாட்டி பைத்தியம்னு ஊருக்குத் தமுக்கடிக்கப் போறியா?"ன்னு அத்தான் எந்திரிச்சுட்டாக. அதுவரைக்கும் நான் அவுக முகத்தைப் பாத்து எதிர்த்துப் பேசினதில்ல. அன்னைக்குப் பேசினேன். "பிள்ளைதான் போச்சு. இவளும் போகட்டும்னு இருக்கீகளா அத்தான்?" அத்தான் துண்டால முகத்தைப் பொத்திக்கிட்டாக. துண்டை எடுக்காமலே, "கண்ணு பாக்கப் போறோம்னு சொல்லிக்கோ தாயி"ன்னாக.

அப்படித்தான் அக்காவுக்குக் கண்ணு நோவு வந்துச்சு. ஊர்ல ஒவ்வொருத்தியா வந்து அவ முகத்துக்கு முன்னால விரலை நீட்டி, "இது எத்தனை, சொல்லு பாப்போம்"னு கேப்பாளுக. பேச்சே இல்லாதவகிட்ட எத்தனை விரல்னு கேக்குற கூத்தை நான் எங்கன போய்ச் சொல்ல!

சாத்தூர்ல விடியாத கருக்கல்ல பாசஞ்சர் ரயில் ஏறுவோம். மதுரையில இறங்கி நடந்து போனா, நமக்கு முன்னால ஊரே வந்து வரிசையில நிக்கும். சீட்டுப் போட ஒரு வரிசை, சீட்டைக் காட்ட ஒரு வரிசை, அப்புறம் ஒரு நீள வராந்தா, கடைசியில ஒரு அறை. அங்கன பெஞ்சில இருக்கிறவகளைப் பத்தி நான் என்னென்னமோ நெனச்சுப் பயந்துக்கிட்டுப் போனேன். போய்ப் பாத்தா எல்லாரும் நம்மள மாதிரிதான் இருந்தாக. ஒரு வாத்தியார் கையைக் கழுவிக் கழுவித் தோலு உரிஞ்சு உக்காந்திருந்தாரு. ஒரு புதுப் பொண்ணு தாலியைப் பிடிச்சுக்கிட்டு அழுதுக்கிட்டு இருந்தா. கூட வந்தவக எல்லாரும் தரையைப் பாத்துக்கிட்டு இருந்தாக, எவனாவது சொந்தக்காரன் கண்ணுல பட்டுருவோமோன்னு.

டாக்டர் சின்ன வயசு. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சு. பிள்ளை எங்க வச்சுச் செத்துச்சுன்னு கேட்டாரு.

"ஆபீசுல சார்."

"ஆபீசிலா? இத்தனை சின்னப் பெண்ணுக்கு ஆபீசில் என்ன வேலை?"

"வேட்டுக்குத் திரி வைக்கிற வேலை."

எழுதிக்கிட்டிருந்தவரு நிறுத்திட்டாரு. அக்காவைப் பாத்தாரு. அக்கா என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தா. "நீங்களும் கூட இருங்க"ன்னு என்கிட்டச் சொன்னாரு.

தூக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதினாரு. டானிக், ஊசி ஏதாவது உண்டான்னு கேட்டேன். "இவங்களுக்குப் பேச்சுதான் வைத்தியம். வாரா வாரம் கூட்டிட்டு வாங்க"ன்னாரு. எனக்குப் பொசுக்குன்னு போச்சு. "பேசுறதுக்கா சார் இம்புட்டுத் தூரம்? எங்க ஊர்ல பேச ஆளா இல்ல?"ன்னுட்டேன். அவரு கோவிச்சுக்கல. "பேச நிறையப் பேர் இருப்பாங்க. இவங்க சொல்றதைக் கேட்டுட்டுச் சும்மா இருக்க யாராவது இருக்காங்களா?"ன்னாரு. யோசிச்சுப் பாத்தேன். நானே சும்மா இருக்க மாட்டேன்.

அதுக்கப்புறம் வெள்ளிக்கு வெள்ளி போனோம். அவரு எதிர்ல உக்காந்து மழை பெஞ்சுச்சா, பருத்தி எப்படின்னு ரெண்டு வார்த்தை கேப்பாரு. அப்புறம் சும்மா இருப்பாரு. அக்காவும் சும்மா இருப்பா. வெளிய அம்புட்டு ஜனம் காத்துக்கிட்டுக் கிடக்கும், அந்த மனுசன் கடிகாரத்தைத் திரும்பிப் பாக்க மாட்டாரு. எனக்குத்தான் இருப்புக் கொள்ளாது. ரயிலேறி வந்து ரெண்டு பேரு மூஞ்சியை மூஞ்சி பாத்துக்கிட்டு உக்கார்றதுக்குப் பேரு வைத்தியமான்னு மனசுக்குள்ள ஏசிக்கிட்டே இருப்பேன்.

சித்திரை வெயில்ல ஒரு நாள், அக்கா அவரைப் பாத்து, "தண்ணி"ன்னா.

கூசாவுல இருந்து அவரே ஊத்திக் குடுத்தாரு. ஒண்ணும் நடக்காத மாதிரி இருந்தாரு. நான்தான் வராந்தாவுக்கு ஓடி வந்து சுவரைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். அதுக்கப்புறம் வீட்டுலயும் சொட்டுச் சொட்டா வந்துச்சு. என்கிட்ட மட்டும், பக்கத்துல ஆள் இல்லாதப்ப. "விறகு." "போதும்." ஒரு நாள் இடுப்புல இருந்த என் கைக்குழந்தையைப் பாத்து, "சளி பிடிச்சிருக்கு"ன்னா. ஒரு முழு வாக்கியம்! அத்தான்கிட்ட ஓடிப் போய்ச் சொன்னேன். அவுக, "என்கிட்ட ஒண்ணும் பேச மாட்டேங்காளே"ன்னாக.

ஆடி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை டாக்டர் முன்னால உக்காந்திருக்கும்போது அக்கா திடீர்னு, "அன்னைக்குக் காலையில"ன்னு ஆரம்பிச்சா. கழுத்தெல்லாம் வேர்த்துக் கொட்டுச்சு. உதடு ஆடுது, சத்தம் வரல. டாக்டர் அசையாம இருந்தாரு. ஆனா அன்னைக்கு அவளுக்கு அதுக்கு மேல வரல. வெளிய வந்து என்கிட்ட மெதுவாச் சொன்னாரு: "அடுத்த வாரம் சொல்லிடுவாங்க. எப்படியாவது கூட்டிட்டு வந்துடுங்க. வீட்டில் ஆரம்பிச்சா மறிக்காதீங்க. சமாதானமும் சொல்லாதீங்க, முழுசாச் சொல்லட்டும். முதல்ல கேக்குறவங்க என்ன சொல்றாங்களோ, அது மனசில் அப்படியே நின்னுடும்."

அந்த அடுத்த வெள்ளிதான் ஆடிக் கடைசி வெள்ளி. இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு வண்டி கட்டணும்னு அத்தான் முன்னமே நேந்திருந்தாக. "இந்த ஒரு வெள்ளி மட்டும் மதுரைக்குப் போயிட்டு வந்துர்றோம் அத்தான், நீங்க போய்க் கும்பிட்டு வாங்க"ன்னு மன்றாடினேன். "ஒரு வாரம் போகலேன்னா குடியா முழுகிரும்? அவ பேசணும்னுதான நேந்திருக்கேன், அவ இல்லாமலா?"ன்னாக. அவுக பக்கம் பாத்தா அதுவும் நியாயமாத்தான் இருந்துச்சு. என் வீட்டுக்காரரும் அண்ணன் பேச்சைத் தட்டல. வண்டியில வைக்கோலைப் பரப்பி அக்காவை ஏத்தினாக. நானும் ஏறினேன்.

கோயிலைச் சுத்தி ஆத்து மணல் தெரியாத கூட்டம். அக்கினிச்சட்டி எடுத்தவக, மாவிளக்குக்காரிக, மொட்டை போட்ட பிள்ளைக, காதுக்குப் பக்கத்துலயே உறுமியும் கொட்டும். அத்தான் மாட்டை அவுத்துக் கட்டப் போயிருந்தாக. நான் அக்கா கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன். யாரோ ஒரு புண்ணியவான் நேர்த்திக்குன்னு வேட்டைக் கொளுத்திப் போட்டான். டமார்னு ஒரு சத்தம்.

அக்கா என் கையை உதறிட்டு மணல்ல விழுந்தா. கொண்டை அவுந்து போச்சு. எந்திரிச்சு நின்னு கத்தினா. "வயித்த வலிக்குதுன்னா! போகமாட்டேன் போகமாட்டேன்னா! நான்தான் அனுப்பினேன்! முதுகுல அடிச்சு நான்தான் அனுப்பினேன்! எம்பிள்ளையை நான்தான் அனுப்பினேன்!"

இதைத்தான் இத்தனை மாசமா முழுங்கி வச்சிருந்தாளான்னு அந்த நொடியிலதான் எனக்குத் தெரியும். ஆனா இத்தனை நாள் பேசாமக் கிடந்த தொண்டை, கரகரன்னு அவ குரலாவே இல்ல. உறுமிச் சத்தத்துல பக்கத்துல நின்ன எனக்குக் கேட்டது மத்தவகளுக்குக் கேக்கல. அவுகளுக்குக் கேட்டதெல்லாம் "நான்தான்", "எம்பிள்ளை", "நான்தான்". அவுந்த முடியும் வேர்வையும் ஆட்டமும் பாத்தா வேற என்ன நெனப்பாக? "ஆத்தா வந்துட்டா!"ன்னு ஒருத்தி கூவினா. குலவை எந்திரிச்சுச்சு. உறுமிக்காரன் நெருங்கி வந்து அவ முகத்துக்கு நேரா இழுக்கான். மஞ்சத் தண்ணியைத் தலையோட ஊத்துறாக, கையில வேப்பங்கொலையைத் திணிக்கிறாக. "ஐயோ, அது சாமி இல்ல! எங்க அக்கா பேசுறா, பேச விடுங்க!"ன்னு தொண்டை கிழியக் கத்தினேன். "தள்ளு பிள்ளை, ஆத்தாகிட்ட எதுத்துப் பேசாத"ன்னு யாரோ என்னைப் பிடிச்சுத் தள்ளினாக.

அப்பத்தான் அத்தான் கூட்டத்தைப் பிளந்துக்கிட்டு வந்தாக. அவுகளுக்குக் கேட்டதும் அதே துண்டுச் சொல்லுகதான். நெடுஞ்சாண்கிடையா விழுந்து அவ காலைப் பிடிச்சுக்கிட்டாக. "தாயி! எம்மகளை நீதான் கூட்டிக்கிட்டயா? எவனோ இழுத்துக்கிட்டுப் போனான்னு இருந்தேனே. நீயா தாயி?"

அக்கா ஆட்டம் நின்னு போச்சு. கீழ குனிஞ்சு பாத்தா. அந்தப் பார்வையில ஆத்தாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. காலடியில கிடக்குற புருசனைப் பாத்த பொம்பளைதான் அங்கன நின்னா. அப்புறம் தெளிவா, எல்லாருக்கும் கேக்குற மாதிரிச் சொன்னா.

"ஆமா. நான்தான்."

அத்தான் அவ கால்ல முகத்தை வச்சுக்கிட்டு ஓன்னு அழுதாக. மக போனதுல இருந்து அப்படி வாய்விட்டு அழுதது அன்னைக்குத்தான். திரும்பி வர்ற வழியில வண்டியை நிப்பாட்டிக் கட்டுச்சோத்தை அவுத்தாக. ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்னாக. அக்கா பக்கத்துல உக்காந்து, அவுக தின்னு முடிக்கிற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தா.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் கருக்கல்ல எந்திரிச்சு தூக்குவாளியில சோத்தைக் கட்டிட்டு வெளிய வந்தா, வாசல்ல ஆளுக. தேங்காய், சூடம், எலுமிச்சம்பழம். ஆத்தா வாக்குக் கேக்க வந்திருக்காக. "அத்தான், இன்னைக்கு ஆஸ்பத்திரி"ன்னேன். "ஆத்தா இறங்குற உடம்புக்கு ஆஸ்பத்திரியா?"ன்னு அத்தானுக்கு முன்னால கூட்டத்துல இருந்து பதில் வந்துச்சு. "அன்னைக்குப் பேசினது அக்காதான் அத்தான்"னு தனியாக் கூப்பிட்டுச் சொல்லிப் பாத்தேன். அவுக கையெடுத்துக் கும்பிட்டாக. "எம்மகளை ஆத்தா கூட்டிக்கிட்டான்னு இருக்கட்டும் தாயி. அதையும் பிடுங்கிறாத"ன்னாக. அதுக்கு மேல சொல்லணும்னா, பிள்ளையை அடிச்சு அனுப்பினது இவதான்னு என் வாயால சொல்லணும். அது எப்படி நான் சொல்ல முடியும்? அவ சொல்ல வேண்டியது அது.

பிறந்த வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு ஒரு வெள்ளிக்கிழமை நான் மட்டும் மதுரைக்குப் போனேன். அதே வரிசை, அதே வராந்தா. டாக்டர் என் பின்னால எட்டிப் பாத்தாரு. "அவங்க வரலையா? பேசினாங்களா?"

"பேசிட்டா சார். எல்லாத்தையும் சொல்லிட்டா."

"சொன்னதை யார் கேட்டாங்க?"

நடந்ததைச் சொன்னேன். "வெள்ளிக்கிழமைதான் வரணும்னு இல்லம்மா. நான் வார்டில் இருக்கிற எந்த நாளும் கூட்டிட்டு வாங்க. சீட்டு, வரிசை ஒண்ணும் வேண்டாம். என்னைக் கூப்பிடச் சொல்லுங்க"ன்னாரு. அம்புட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில, எங்களை மாதிரி ஆளுகளுக்கு அப்படி ஒரு வார்த்தை. ஓட்டமா ஊருக்கு வந்தேன்.

மறுநாள் ஊரணியில ரெண்டு பேரும் துணி அலசிக்கிட்டு இருந்தோம். ஆள் இல்ல. "அக்கா, எந்த நாள்னாலும் வரச் சொல்லிட்டாரு. செவ்வாய்க்கிழமை போவோம். எந்தங்கச்சியைப் பாக்கப் போறோம்னு சொல்லிக்கிடலாம்"னேன். அக்கா அத்தான் வேட்டியைப் பிழிஞ்சு உதறினா. அப்புறம் பேசினா. முந்தின மாதிரி, அவ சொந்தக் குரல்ல பேசினா.

"வேண்டாம்டி. அந்த மனுசன் இப்பத்தான் சோறு திங்காரு. நான் அங்க போய்ப் பேசித் தெளிஞ்சா, ஆத்தா எனக்குள்ள நிக்க மாட்டா. ஆத்தா இல்லேன்னா அப்ப யாரு அனுப்பினதுன்னு அவரு கேப்பாருல்ல? அவரைத் திரும்பப் பட்டினி போடச் சொல்றியா?"

"அப்ப நீ?"

"எனக்கென்ன?"

"அக்கா, நீ என்ன தெரிஞ்சா செஞ்ச? எந்தத் தாய் பிள்ளையை அடிச்சு வேலைக்கு அனுப்பல இந்த ஊர்ல?"ன்னேன். சமாதானம் சொல்லாதேன்னு அவரு சொன்னதெல்லாம் மறந்து போச்சு. அக்கா வாளியைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டா. "வலிக்குதும்மான்னா. பொய் சொல்றான்னு நெனச்சேன்"ன்னா. அவ்வளவுதான். நடந்துட்டா. அதுக்கப்புறம் அந்தப் பேச்சை அவ எடுக்கல, என்னையும் எடுக்க விடல. மத்த நாள்ல ஊமை, வெள்ளிக்கிழமை ஆத்தா. அப்படியே ஆகிப் போச்சு அவ பொழைப்பு.

கார்த்திகையில வேற ஒரு ஊர்ப் பக்கம் இன்னொரு ஷெட்டு போச்சு. அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு பொம்பளை வந்தா. கையில தேங்காய் இல்ல, பழம் இல்ல. கூட்டம் தானா வழி விட்டுச்சு. அக்கா முன்னால விழுந்து, "ஆத்தா, எம்மகனையும் நீதான் கூட்டிக்கிட்டயா? நான்தான் தாயி அவனை எழுப்பி அனுப்பினேன், தூங்குறேன்னான், நான்தான் அனுப்பினேன்"ன்னு தரையில நெத்தியை முட்டுறா.

நான் திருநீத்துத் தட்டோட பக்கத்துல நிக்கேன். அக்கா கையில இருந்த வேப்பங்கொலையைக் கீழ வச்சா. இப்ப வாய் திறப்பா, அந்தப் பொம்பளையைக் கட்டிப் பிடிச்சு ரெண்டு பேரும் சேந்து அழுவாளுகன்னு நெனச்சேன். சத்தியமா நெனச்சேன்.

அக்கா அவ தலையில கையை வச்சா. "நீ இல்ல. நான்தான் அனுப்பினேன்"ன்னா.

அந்தப் பொம்பளை எந்திரிச்சு, முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டு, என்கிட்டத் திருநீறு வாங்கினா. "இன்னைக்குத்தான் தாயி தூங்குவேன்"ன்னுட்டுப் போனா. அவளுக்குப் பின்னால இன்னும் எத்தனையோ தாய்க வந்தாக, அந்த ஆபீசு, இந்த ஆபீசுன்னு. ஒவ்வொருத்திக்கும் அக்கா அதையேதான் சொன்னா, சாகுற வரைக்கும். எல்லாரும் தூங்கப் போனாக. நான் அவ பக்கத்துப் பாயில படுத்திருந்தவ. அவ தூங்கி ஒரு நாள் நான் பாத்ததில்ல.